உலகப் பயணிகள் எங்கே போகிறார்கள், ஏன் அங்கே போகிறார்கள்?

சுற்றுலா மேலாண்மை படிக்கும் ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: கொரோனாவுக்குப் பிறகு உலகச் சுற்றுலா பழைய நிலைக்குத் திரும்பிவிட்டதா? எந்தப் பகுதி முந்துகிறது, எது பின்தங்குகிறது, அதற்கு என்ன காரணம்? படிப்புக்காகக் கேட்டிருந்தாலும் இது என் பிழைப்போடு ஒட்டிய கேள்வி. திருச்சியில் இருபத்து நான்கு ஆண்டுகளாக டிக்கெட், விசா, குரூப் டூர் என்று இதே வேலையில் இருக்கிறேன். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மொத்தக் கணக்கு. 1950இல் உலகம் முழுவதும் எல்லை தாண்டிச் சுற்றுலா போனவர்கள் சுமார் 2.5 கோடிப் பேர். 2012இல் அது முதன்முறையாக 100 கோடியைத் தாண்டியது. 2019இல் 146 கோடி. அடுத்த ஆண்டே, 2020இல், ஏறக்குறைய 40 கோடிக்குச் சரிந்தது. 2024இல் மறுபடி 140 கோடிக்கு மேல் வந்துவிட்டது. ஆக, மொத்தத்தைப் பார்த்தால் திரும்பிவிட்டது என்பதுதான் பதில். ஆனால் அந்த மொத்தத்துக்குள் எதுவும் பழைய இடத்தில் இல்லை. மாட்ரிட்டில் இருக்கும் ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2024க்குக் கொடுத்த பகுதிவாரிக் கணக்கு இது: ஐரோப்பா 74.7 கோடி, ஆசியா பசிபிக் 31.6 கோடி, அமெரிக்கக் கண்டங்கள் 21.3 கோடி, மத்திய கிழக்கு 9.5 கோடி, ஆப்பிரிக்கா 7.4 கோடி. 2019உடன் ஒப்பிட்டால் மத்திய கிழக்கு 32 சதவீதமும் ஆப்பிரிக்கா 7 சதவீதமும் மேலே போயிருக்கின்றன. ஐரோப்பா ஒரு சதவீதம் மேலே. அமெரிக்கக் கண்டங்கள் 3 சதவீதம் கீழே. ஆசியா பசிபிக் இன்னும் 13 சதவீதம் கீழே.

இந்த எண்களைக் கையில் எடுக்கும் முன் அவை எப்படி எண்ணப்படுகின்றன என்று தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு நாட்டில் குறைந்தது ஓர் இரவாவது தங்குபவரைத்தான் சுற்றுலாப் பயணி என்று எழுதுகிறார்கள். காலையில் கப்பலில் வந்து இறங்கி மாலையில் ஏறிவிடுபவர் பகல்நேர வருகையாளர். அவருக்குத் தனிக் கணக்கு. அலுவல் பயணம், மலேசியாவில் அத்தை மகன் கல்யாணம், மெக்காவுக்கு உம்ரா யாத்திரை என எந்தக் காரணமாக இருந்தாலும் இரவு தங்கினால் சுற்றுலாப் பயணிதான். எண்ணப்படுவது ஆள் அல்ல, வருகை. பத்து நாள் பேக்கேஜில் பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி மூன்றிலும் தங்கும் ஒருவர் மூன்று வருகைகளாகப் பதிவாகிறார். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை போய்த் திரும்பும் நம் ஊர்க்காரர் இந்தக் கணக்கில் ஒரு வருகைகூட இல்லை. சிறு சிறு நாடுகள் நெருங்கிக் கிடக்கும் ஐரோப்பா எப்போதும் பட்டியலில் முதலில் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். பகுதிப் பிரிவையும் கவனியுங்கள். ஐ.நா. பட்டியலில் எகிப்து ஆப்பிரிக்காவில் இல்லை, மத்திய கிழக்கில் இருக்கிறது. துருக்கி ஐரோப்பாவில் இருக்கிறது. இது தெரியாமல் ஒப்பிட்டால் உங்கள் அட்டவணை முதல் வரியிலேயே தவறிவிடும்.

இன்னொன்றும் உண்டு. உலகப் பயணங்களில் ஐந்தில் நான்கு, பயணி வாழும் பகுதிக்குள்ளேயே நடப்பவை. ஜெர்மானியர் ஸ்பெயினுக்கும் கொரியர் ஜப்பானுக்கும் அமெரிக்கர் மெக்சிகோவுக்கும் போவதுதான் உலகச் சுற்றுலாவின் பெரும்பகுதி. கண்டம் தாண்டும் நீண்ட பயணம் கண்ணில் படுகிற அளவுக்குக் கணக்கில் இல்லை.

இனி காரணத்துக்கு வருகிறேன். ஓர் ஊரின் அழகு ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை. வருகை மட்டும் பாதியாகிறது, இரட்டிப்பாகிறது. இத்தனை ஆண்டுகளில் நான் கண்டவரை அதைத் தீர்மானிப்பவை நான்கு: விசா எவ்வளவு எளிது, நேரடி விமானம் இருக்கிறதா, அங்கே நம் பணத்துக்கு என்ன மதிப்பு, அந்த நாட்டோடு சண்டையோ அங்கே பயமோ இருக்கிறதா. கடற்கரையும் கோயிலும் மலையும் இவற்றுக்குப் பிறகுதான்.

2024 கோடை விடுமுறைக்கு முன் தஞ்சாவூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், இரண்டு பிள்ளைகள். பாட்டிக்கு ஐரோப்பாவில் பனிமலை பார்க்க வேண்டும் என்று ஆசை. என் மேசை மேல் ஆறு பாஸ்போர்ட்டுகள், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிப் படிவங்கள், பள்ளியிலிருந்து வாங்கிய விடுப்புக் கடிதம், பயணக் காப்பீடு, வெள்ளைப் பின்னணியில் எடுத்த புகைப்படங்கள் என்று ஒரு கட்டு சேர்ந்தது. விசாவுக்குக் கைரேகை கொடுக்க நாள் கிடைக்கவில்லை. கிடைத்த முதல் தேதி பள்ளி திறந்த பிறகு. தாத்தா கட்டை அப்படியே திருப்பி வாங்கிக்கொண்டு, "வேறு எங்கே போகலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றார். வியட்நாம் என்றேன். இணையத்தில் விண்ணப்பித்தால் ஆளுக்கு 25 டாலரில் விசா. திருச்சியிலிருந்தே ஹோ சி மின் நகருக்கு 2023 நவம்பரில் நேரடி விமானம் தொடங்கியிருந்தது. போய் வந்தார்கள். பாட்டி பார்த்தது பனிமலை அல்ல, ஹா லாங் விரிகுடா. அந்த ஆறு பேரும் ஐரோப்பாவின் கணக்கிலிருந்து கழிந்து ஆசியாவின் கணக்கில் ஏறினார்கள். உலகப் போக்கு என்று அறிக்கைகள் சொல்வது இப்படி நடக்கும் லட்சக்கணக்கான முடிவுகளின் கூட்டல்தான்.

ஐரோப்பாவை எடுத்துக்கொள்வோம். 2024இல் பிரான்சுக்கு 10 கோடி, ஸ்பெயினுக்குக் கிட்டத்தட்ட 9.4 கோடி. ஸ்பெயினின் மக்கள்தொகை 5 கோடிக்கும் குறைவு. அதாவது வீட்டுக்காரர்களைப்போல இரு மடங்கு விருந்தினர். 1990களில் ஐரோப்பிய ஒன்றியம் விமானப் போக்குவரத்தைத் திறந்துவிட்டது. எந்த உறுப்பு நாட்டு நிறுவனமும் எந்த இரு ஊர்களுக்கு இடையிலும் பறக்கலாம் என்றானது. அதன் பிறகுதான் ரயனேர், ஈஸிஜெட் போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்கள் வளர்ந்தன. ஷெங்கன் ஒப்பந்தம் எல்லைச் சோதனையை எடுத்தது. யூரோ நாணயம் மாற்றும் தொல்லையை எடுத்தது. வெள்ளிக்கிழமை மாலை மிலானில் வேலை முடித்துவிட்டு இரவு பார்சிலோனாவில் சாப்பிட உட்காரலாம் என்ற வாழ்க்கை இப்படித்தான் வந்தது.

அதன் மறுபக்கத்தை வெனிஸில் பார்க்கலாம். ரியால்டோ பாலத்துக்கு அருகே ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதன் கண்ணாடிச் சன்னலில் 2008 முதல் ஒரு மின்னணுப் பலகை ஓர் எண்ணைக் காட்டிவருகிறது. அது வெனிஸ் தீவுப்பகுதியில் குடியிருப்பவர்களின் எண்ணிக்கை. பலகை வைத்தபோது 60,000 அளவில் இருந்தது. 2022 ஆகஸ்டில் 50,000க்குக் கீழே இறங்கிவிட்டது. 1950களின் தொடக்கத்தில் அங்கே சுமார் 1,75,000 பேர் வாழ்ந்தார்கள். 2023இல் பயணிகளுக்கான படுக்கைகள் ஊர் மக்களின் எண்ணிக்கையைத் தாண்டின. வீடு வைத்திருப்பவர் மாத வாடகைக்கு விடுவதைவிட இரவு வாடகைக்கு விடுவது பல மடங்கு லாபம் என்றால் ஆசிரியரும் நர்ஸும் படகோட்டியும் எங்கே போவார்கள்? எதிர்க்கரையில் பெருநிலத்துக்குத்தான். அவர்கள் போன பிறகு மளிகைக் கடையும் பள்ளியும் போகின்றன.

இத்தாலி அரசு 2021இல் பெரிய க்ரூஸ் கப்பல்களை ஜூடெக்கா கால்வாயில் நுழைய விடாமல் நிறுத்தியது. 2024 ஏப்ரல் 25 முதல் வெனிஸ் நிர்வாகம் பகல்நேர வருகையாளர்களிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது. அந்த ஆண்டு 29 நாள்கள். 2025இல் 54 நாள்கள், முன்பதிவு செய்யாமல் கடைசி நேரத்தில் வருபவர்களுக்கு 10 யூரோ. ஒரு நகரத்துக்குள் நுழையவே கட்டணம் என்பது பெரிய மாற்றம்தான். ஆனால் ரோமிலிருந்தோ சான் பிரான்சிஸ்கோவிலிருந்தோ புறப்பட்டு வருபவரை 5 யூரோ தடுத்து நிறுத்தாது. கூட்டம் குறையவில்லை. வீட்டு வாடகைதான் அங்கே உண்மையான பிரச்சினை. அதைத் தொட்டது பார்சிலோனா. நகரில் உள்ள 10,101 குறுகிய கால வாடகை உரிமங்களையும் 2028 நவம்பருக்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று அதன் மேயர் ஜாவ்மே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். அடுத்த மாதமே அங்கே தெருவோர உணவகங்களில் உட்கார்ந்திருந்த பயணிகள்மீது போராட்டக்காரர்கள் தண்ணீர்த் துப்பாக்கியால் பீய்ச்சி அடித்த படங்கள் உலகம் முழுவதும் வந்தன. அதற்கு முன் ஏப்ரலில் கேனரி தீவுகளில் பல்லாயிரம் பேர் "கேனரிக்கும் ஓர் எல்லை உண்டு" என்று தெருவில் இறங்கியிருந்தார்கள். அவர்கள் பயணிகளை வெறுக்கிறார்கள் என்று எழுதுவது தவறு. அந்தத் தீவுகளின் முக்கிய வருமானமே சுற்றுலாதான். அங்கே வேலை செய்பவருக்கே அங்கே வாடகை கொடுக்க முடியவில்லை என்பதுதான் அவர்களுடைய குறை. அது நியாயமான குறை என்றே நான் நினைக்கிறேன்.

ஐரோப்பாவில் இன்னும் இரண்டு நகர்வுகள். ஒன்று வெப்பம். 2023 ஜூலையில் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் காட்டுத்தீ பரவி சுமார் 19,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. அதே மாதம் ஏதென்ஸின் அக்ரோபோலிஸை உச்சி வெயில் நேரத்தில் மூடினார்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களை விட்டு மே, செப்டம்பருக்கு மாறுபவர்களும் வடக்கே நார்வே பக்கம் திரும்புபவர்களும் அதிகமாகிவருகிறார்கள். மற்றொன்று போர். 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் ஐரோப்பிய வானம் ரஷ்ய விமானங்களுக்கும் ரஷ்ய வானம் ஐரோப்பிய விமானங்களுக்கும் மூடப்பட்டன. ரஷ்யர்கள் துருக்கியின் அன்டால்யா, துபாய், மாலத்தீவு, புக்கெட், இலங்கையின் தென்கரை என்று திரும்பினார்கள். பின்லாந்துக்கு விழுந்த அடி அதிகம் பேசப்படவில்லை. சைபீரியாவின் மேல் பறந்து ஒன்பது மணி நேரத்தில் டோக்கியோ போய்விடலாம் என்பதை வைத்தே ஹெல்சிங்கி விமான நிலையம் ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே ஒரு சந்திப்பாக வளர்ந்திருந்தது. இப்போது சுற்றிப் போகப் பதின்மூன்று மணி நேரம். அந்த நகரம் எந்தத் தவறும் செய்யவில்லை. தலைக்கு மேலே இருந்த வழி மூடிக்கொண்டது, அவ்வளவுதான்.

ஆசியா ஏன் பின்தங்கியது என்பதற்கு ஒரே சொல்லில் பதில் கேட்டால் சீனா என்பேன். 2019இல் சீனர்கள் சுமார் 15.5 கோடி வெளிப்பயணங்கள் போய் 25,000 கோடி டாலருக்கு மேல் செலவழித்தார்கள். உலகிலேயே அதிகம் செலவழித்தவர்கள் அவர்கள்தான். சீனா தன் எல்லையை 2020 தொடக்கத்தில் மூடி 2023 ஜனவரி 8ஆம் தேதிதான் முழுமையாகத் திறந்தது. மூன்று ஆண்டுகள். திறந்த பிறகும் பழைய அளவில் வரவில்லை. வீட்டுமனைத் துறை சரிந்து நடுத்தரக் குடும்பங்களின் கையிருப்பு சுருங்கியது. உள்நாட்டிலேயே சுற்றும் பழக்கம் வேரூன்றிவிட்டது.

தாய்லாந்து இதில் அதிகம் அடிபட்டது. 2019இல் அங்கே போன 3.99 கோடிப் பேரில் 1.1 கோடிப் பேர் சீனர்கள். 2024இல் மொத்தம் 3.55 கோடி, சீனர்கள் சுமார் 67 லட்சம். 2025 ஜனவரியில் ஒரு சீன நடிகர் படப்பிடிப்பு வேலை என்று தாய்லாந்துக்கு அழைக்கப்பட்டு, மியான்மர் எல்லைக்கு அப்பால் இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கி மீட்கப்பட்டார். அந்தச் செய்தி சீனாவில் தீயாய்ப் பரவியது. சீனப் புத்தாண்டு முன்பதிவுகள் ரத்தாகத் தொடங்கின. அந்த ஆண்டு தாய்லாந்தின் மொத்த வருகை 3.3 கோடி அளவுக்கு இறங்கிவிட்டது. கடலும் கோயிலும் உணவும் அப்படியே இருந்தன. இந்தியர்களுக்கு 2023 நவம்பர் முதல் விசா தேவையில்லை என்று தாய்லாந்து அறிவித்தது இந்தக் குழியை நிரப்பத்தான். மலேசியாவும் அதே டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் விசா வேண்டாம் என்றது. அந்த மாதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதி, "பத்துமலைக்குப் போக நிஜமாகவே விசா வேண்டாமா?" என்பதுதான்.

சீனர் எண்ணிக்கையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாய்லாந்தில் "பூஜ்ய டாலர் டூர்" என்று ஒரு வழக்கம் இருந்தது. சீனாவில் அடக்க விலைக்கும் கீழே பேக்கேஜை விற்பார்கள். வந்து இறங்கியதும் குழுவைக் குறிப்பிட்ட நகைக்கடை, தோல்கடை, ரப்பர் மெத்தைக் கடைகளுக்குள் கொண்டுபோய் மணிக்கணக்கில் நிறுத்திவிடுவார்கள். கடை, பஸ், ஓட்டல் எல்லாம் ஒரே கூட்டத்தின் கையில். வாங்கும் பொருளின் கமிஷனில்தான் டூரின் செலவு மீளும். பயணி பாங்காக் வந்தார், பணம் பாங்காக்கில் தங்கவில்லை. 2016இல் தாய் அரசு சோதனைகள் நடத்தி இதை ஒடுக்கியது. வருகை எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இப்படிப்பட்ட பயணியும் இரண்டு வாரம் ஒரு சிறு விடுதியில் தங்கித் தெருக்கடையில் சாப்பிடுபவரும் ஒன்று.

ஆசியாவிலேயே ஜப்பானின் கதை தலைகீழ். 2003இல் அங்கே வெறும் 52 லட்சம் பேர் போனார்கள். நாடே முதுமை அடைந்துகொண்டிருந்தது. உள்நாட்டில் செலவழிக்க ஆள் குறைந்துகொண்டே வந்தது. அரசு திட்டமிட்டு வாசலைத் திறந்தது. 2013இல் தாய்லாந்து மக்களுக்கு விசா விலக்கு கொடுத்தது. அந்த ஆண்டு மொத்த வருகை முதன்முறையாக ஒரு கோடியைத் தாண்டியது. 2019இல் 3.19 கோடி. கொரோனாவுக்குப் பிறகு யென்னின் மதிப்பு விழுந்தது. 2019இல் ஒரு டாலருக்கு 109 யென் அளவில் கிடைத்தது, 2024 ஜூலையில் 161 யென் வரை போனது. டாலர் கையில் வைத்திருப்பவருக்கு ஜப்பானே மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடியில் கிடைத்ததுபோல. 2024இல் 3.69 கோடி, 2025இல் 4 கோடிக்கும் மேல். இங்கேயும் அரசியல் ஒரே மாதத்தில் கணக்கை மாற்றிவிடும். தைவான் பற்றிய பேச்சால் உரசல் எழுந்து, 2025 நவம்பரில் சீன அரசு தன் மக்களை ஜப்பானுக்குப் போக வேண்டாம் என்றது. டிசம்பரில் சீனர் வருகை ஏறக்குறையப் பாதியாகிவிட்டது. 2017இல் ஏவுகணைத் தடுப்பு அமைப்பை நிறுவியதற்காகத் தென் கொரியாவும் இதே அனுபவத்தைப் பட்டது. ஒரே ஆண்டில் சீனர் வருகை 80 லட்சத்திலிருந்து 42 லட்சத்துக்கு இறங்கியது.

ஜப்பானின் நெரிசலுக்கு ஃபூஜிகவாகுச்சிகோ என்ற சிற்றூரைச் சொல்வேன். அங்கே சாலையோரம் ஒரு சாதாரணப் பலசரக்குக் கடை, லாசன் நிறுவனத்துடையது. எதிர்ச் சாரியில் நின்று படம் எடுத்தால் கடையின் நீலப் பலகைக்கு மேலே ஃபூஜி மலை உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். சமூக ஊடகங்களில் அந்தப் படம் பரவியதும் நாள்தோறும் கூட்டம். சாலையைக் குறுக்கே கடக்கிறார்கள், பக்கத்துப் பல் மருத்துவமனையின் வாகன நிறுத்தத்தில் நிற்கிறார்கள், குப்பை போடுகிறார்கள். 2024 மே மாதம் ஊராட்சி அங்கே 20 மீட்டர் நீளத்துக்கு இரண்டரை மீட்டர் உயரக் கறுப்பு வலையைக் கட்டி மலையை மறைத்தது. சில நாள்களிலேயே வலையில் கைப்பேசி நுழையும் அளவுக்கு ஓட்டைகள் போட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் புயல் எச்சரிக்கைக்காக வலையை இறக்கியபோது கூட்டம் தணிந்திருந்ததால் மறுபடி கட்டவில்லை. ஃபூஜி மலையின் யோஷிதா பாதையில் அந்தக் கோடையிலிருந்து நாளுக்கு 4,000 பேர் என்று வரம்பும் 2,000 யென் கட்டணமும் வைத்தார்கள். 2025இல் கட்டணம் 4,000 யென் ஆனது.

மத்திய கிழக்கின் வேகம் திட்டமிட்ட வேகம். சவூதி அரேபியா 2019 செப்டம்பர் வரை சுற்றுலா விசா என்றே ஒன்றைப் பொதுவாக வழங்கியதில்லை. ஹஜ், உம்ரா, வேலை, அலுவல் இவைதான் வழி. அந்த மாதம் 49 நாடுகளுக்கு இணைய விசாவைத் திறந்தது. எண்ணெயை மட்டும் நம்பியிருக்க முடியாது என்ற கணக்கில் எழுந்த 2030 திட்டத்தின் ஒரு பகுதி அது. 2024இல் ஏறக்குறைய 3 கோடி வெளிநாட்டுப் பயணிகள். அதில் பெரும் பங்கு இன்னும் மெக்கா, மதீனா நோக்கி வருபவர்கள்தான் என்பதையும் எழுத வேண்டும். அல்உலாவின் பாறைக் கல்லறைகளைப் பார்க்க வருபவர்கள் இனிமேல்தான் பெருக வேண்டும். துபாய் இந்த வழியை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே போட்டுவிட்டது. விமானம் மாற வரும் பயணியை இரண்டு நாள் தங்க வைப்பதுதான் அதன் சூத்திரம். 2024இல் அங்கே தங்கியவர்கள் 1.87 கோடி, அதில் 30 லட்சத்துக்கு மேல் இந்தியா உள்ளிட்ட தெற்காசிய நாடுகளிலிருந்து வந்தவர்கள். அதே பகுதியில் காசா போர் தொடங்கிய பிறகு இஸ்ரேலும் பெத்லகேமும் வெறிச்சோடின. வேளாங்கண்ணிப் பக்கமிருந்து ஆண்டுதோறும் புனித பூமிக்குப் போகும் குழுக்கள் 2023 அக்டோபருக்குப் பிறகு புறப்படவே இல்லை.

ஆப்பிரிக்காவில் மொராக்கோ முன்னால் நிற்கிறது. 2024இல் 1.74 கோடிப் பேர், எகிப்தையும் தாண்டிவிட்டது. 2006இல் ஐரோப்பிய ஒன்றியத்தோடு அது செய்துகொண்ட திறந்த வான் ஒப்பந்தத்தால் மலிவு விமானங்கள் மராகேஷ் வரை நீண்டன. 2023 செப்டம்பரில் அட்லஸ் மலையில் பெரும் நிலநடுக்கம் வந்தும் வருகை நிற்கவில்லை. ஆனால் வருபவர்களில் ஏறக்குறையப் பாதி, பிரான்சிலும் ஸ்பெயினிலும் வாழும் மொராக்கோக்காரர்கள். கோடையில் ஊருக்கு வரும் பிள்ளைகள் அவர்கள். ருவாண்டா வேறு வழியில் போகிறது. மலைக் கொரில்லாவைப் பார்க்க ஒரு மணி நேரம், ஒரு குழுவுக்கு எட்டுப் பேர், ஆளுக்கு 1,500 டாலர். 2017இல் 750 டாலரிலிருந்து இப்படி இரட்டிப்பாக்கியபோது பூங்கா வருமானத்தில் அக்கம்பக்கத்துக் கிராமங்களுக்கான பங்கை 5 சதவீதத்திலிருந்து 10 சதவீதமாக்கினார்கள். உருளைக்கிழங்குத் தோட்டக்காரருக்குக் கொரில்லாவால் ஒரு பள்ளிக்கூடம் வருமென்றால் அவர் காட்டைக் காப்பார். பூட்டானும் இந்த வழிதான். இரவுக்கு 65 டாலராக இருந்த நிலைத்த வளர்ச்சிக் கட்டணத்தை 2022இல் 200 டாலராக உயர்த்தி, கூட்டம் மிகவும் குறைந்துபோனதால் 2023இல் 100 டாலராக்கியது. விலையை ஏற்றிக் கூட்டத்தைக் கட்டுப்படுத்த நினைக்கும் நாடுகள் இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அமெரிக்கக் கண்டங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டொமினிகன் குடியரசு நன்றாக வளர்ந்திருக்கிறது, மெக்சிகோ பழைய அளவுக்குத் திரும்பிவிட்டது. இரண்டுக்கும் கொரோனா காலத்தில் வாசலை அதிகம் மூடாதது உதவியது. ஐக்கிய அமெரிக்கா 2019இல் 7.9 கோடி, 2024இல் 7.2 கோடி. டாலர் வலுத்தது, இந்தியா போன்ற நாடுகளில் விசா நேர்காணலுக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் காத்திருக்க நேர்ந்தது. 2025இல் இறக்குமதி வரிப் பிரச்சினையும் கனடாவை 51ஆவது மாநிலமாக்கும் பேச்சும் சேர்ந்து, காரில் எல்லை தாண்டிப் போய்வரும் கனடியர்களின் பயணங்கள் பல மாதங்களில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தன. பக்கத்து வீட்டுக்காரர் கோபித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு மாலத்தீவும் ஒரு சாட்சி. 2023இல் அங்கே அதிகம் போனவர்கள் இந்தியர்கள். 2024 ஜனவரியில் மாலத்தீவின் துணை அமைச்சர்கள் சிலரின் பேச்சால் உரசல் வந்தது. அந்த ஆண்டு இந்தியா முதல் ஐந்து இடங்களுக்குள்கூட இல்லை.

இந்தியா உள்ளே வருபவர்களைவிட வெளியே போகிறவர்களால்தான் இப்போது உலகக் கணக்கில் பேசப்படுகிறது. 2019இல் 2.7 கோடி இந்தியர்கள் வெளிநாடு போனார்கள். 2024இல் அது 3 கோடியைத் தாண்டிவிட்டது. உள்ளே வந்த வெளிநாட்டவர் 2019இல் 1.09 கோடி, 2024இல் அதைவிடக் குறைவு. மாமல்லபுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும் உலக மரபுச் சின்னங்களாக இருந்தும் இந்த நிலை என்பது இந்தத் தொழிலில் இருக்கும் என்னை உறுத்துகிறது. இந்தியச் சுற்றுலாவை வெளிநாடுகளில் விளம்பரப்படுத்தப் பணம் ஒதுக்குவதில் நம் அரசுகள் இன்னும் கை தாராளமாக இருக்கலாம் என்பது என் கருத்து.

ப்ராஜெக்ட்டுக்கு ஒரு நாட்டை ஆழமாக எடுக்க வேண்டும் என்றால் இலங்கையை எடுங்கள். நான் மேலே சொன்ன எல்லாம் அந்த ஒரு தீவில் இருக்கின்றன. 2018இல் 23.3 லட்சம் பயணிகள். 2019 ஈஸ்டர் ஞாயிறு குண்டுவெடிப்பு, பிறகு கொரோனா. 2021இல் 2 லட்சத்துக்கும் கீழே போனது. 2022இல் பொருளாதாரம் நொறுங்கி பெட்ரோலுக்கு நாள்கணக்கில் வரிசை நின்ற ஆண்டிலும் 7 லட்சம் பேர் வந்தார்கள். 2024இல் 20.5 லட்சம், அதில் ஏறக்குறைய 4.2 லட்சம் இந்தியர்கள். 2025இல் 2018இன் சாதனையைத் தாண்டிவிட்டது. செய்தித்தாள்கள் இதைக் கொண்டாடின. ஆனால் வருமானத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2018இல் சுற்றுலாவால் வந்தது 438 கோடி டாலர். 2024இல் 317 கோடி டாலர். வருகை 12 சதவீதம் குறைந்தபோது வருமானம் 28 சதவீதம் குறைந்திருக்கிறது. 2025இல் ஆள் கணக்கு சாதனை படைத்த பிறகும் பணம் 2018ஐ எட்டவில்லை. அந்த இடைவெளி எங்கே போனது என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். இலங்கை ரூபாயின் மதிப்பு விழுந்ததால் டாலரில் எல்லாம் மலிவானதா, தங்கும் இரவுகள் குறைந்தனவா, வருபவர்களின் நாடு மாறியதா, பணம் கணக்கில் வராத வழிகளில் போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை நாடுவாரி வருகையை மாதந்தோறும் வெளியிடுகிறது. மத்திய வங்கி வருமானத்தைத் தருகிறது. இரண்டையும் அருகருகே எழுதிக்கொள்ளுங்கள்.

முடிந்தால் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக் கப்பலில் ஒருமுறை போய்வாருங்கள். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாலு மணி நேரப் பயணம். நான் போனபோது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்கு நேர்ந்துகொண்டு போகிறவர். யாழ்ப்பாணத்தில் தங்கையின் வீட்டில் மூன்று இரவு தங்குவதாகச் சொன்னார். பையில் நெய்யில் செய்த அதிரசமும் இரண்டு காஞ்சிபுரம் சேலைகளும் இருந்தன. குடிவரவு அதிகாரி முத்திரை குத்தியதும் அவரும் அந்த ஆண்டின் சுற்றுலாப் பயணிகளில் ஒருவராகிவிட்டார். எத்தனை பேர் இப்படி வருகிறார்கள், எத்தனை பேர் ஓட்டலுக்குப் போகிறார்கள் என்று இறங்கு துறையில் நின்று கேளுங்கள். உங்கள் முதல் அத்தியாயத்துக்கு அது போதும்.